ஓடவும் வேண்டும், ஓயவும் வேண்டும்

ஓட்டப் பந்தயத்தைப் பற்றி எழுத ஒரு மௌலவிக்கு என்ன இருக்கிறது என்று வாசக சகோதரிகள் சிலர் நினைக்கக்கூடும். பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிப்பவன் நான். விளையாட்டுக்கென்று வேறோர் ஆசிரியர் இருக்கிறார். ஆனாலும் எங்கள் தெல்தோட்டையில் பிள்ளைகள் விஷயத்தில் தாய்மாருக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டால், அது படிப்பைப் பற்றியதாக இருந்தாலும் சரி, காய்ச்சலைப் பற்றியதாக இருந்தாலும் சரி, கடைசியில் மௌலவியின் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். அப்படி வந்த ஒரு கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். நீண்டதூர ஓட்டத்துக்குப் பயிற்சி பெறும் ஒரு பிள்ளையை மழையிலும் நோயிலும் ஓட விடலாமா, தடுக்க வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

கேள்விக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஓடுவது மார்க்கத்துக்கு அந்நியமான காரியமல்ல. நபித்தோழர்களிடையே நீண்டதூர ஓட்டத்தில் பெயர் பெற்ற ஒருவர் இருந்தார். அவர்தான் ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அவர்கள். நபி (ஸல்) அவர்களின் பாலொட்டகங்களைக் கொள்ளைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனபோது, குதிரையில் சென்றவர்களை இவர் காலால் ஓடியே துரத்தினார். பகற்பொழுது முழுவதும் விடாமல் பின்தொடர்ந்து, அம்பெய்து, ஒட்டகங்களை மீட்டெடுத்தார். அன்றைய காலாட்படையினரில் மிகச் சிறந்தவர் ஸலமா என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள்.

அந்தச் சம்பவத்தின் பிற்பகுதிதான் எனக்கு இன்னும் பிடித்தமானது. மதீனாவுக்குத் திரும்பி வரும் வழியில், ஓட்டத்தில் எவரிடமும் தோற்றறியாத அன்ஸாரித் தோழர் ஒருவர், தன்னோடு போட்டியிட யாரும் இருக்கிறார்களா என்று அழைத்துக்கொண்டே வந்தார். ஸலமா (ரழி) நபியவர்களிடம் அனுமதி பெற்று, வாகனத்திலிருந்து குதித்து ஓடத் தொடங்கினார். ஆனால் எடுத்த எடுப்பில் முந்திவிடவில்லை. ஒன்றிரண்டு மேடுகளைக் கடக்கும்வரை மூச்சைச் சேமித்துக்கொள்வதற்காகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டார். பிறகுதான் வேகத்தைக் கூட்டி, அந்தத் தோழரை எட்டிப்பிடித்து, மதீனா வரை முந்திச் சென்றார். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. மத்ரஸாவில் ஓதும் காலத்தில் இந்த ஹதீஸைப் போரியல் பாடமாகத்தான் படித்தோம். ஏற்றமும் இறக்கமுமான இந்த மலையூரில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மேட்டில் மூச்சைச் சேமிப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது எனக்கு விளங்கியது.

பிரயாணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு நபி (ஸல்) அவர்களே ஓட்டப் போட்டி வைத்ததை நம் வீடுகளில் அறியாதவர்கள் குறைவு. முதல் முறை அன்னையவர்கள் வென்றார்கள். சில காலத்தின் பின், அவர்களின் உடல் சற்றுக் கனத்திருந்த வேளையில் நடந்த போட்டியில் நபியவர்கள் வென்று, முந்தியதற்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆக, ஓடலாமா என்பதில் நமக்குச் சிக்கலில்லை. எப்போது ஓடுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் எங்கள் ஊரில் வருடம் முழுவதும் இருக்கிறது. காரணம் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடையில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரமானால் இடி முழக்கத்துடன் கொட்டும் மழை. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில் முதன்முதலாக வர்த்தகத்துக்கென 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் எங்கள் பக்கத்து மலைகளில்தான் இருக்கிறது. தேயிலை இந்த மண்ணைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த மழையும் குளிருமே காரணம். தேயிலைக்கு நல்லது ஓடுகிற பிள்ளைக்கும் நல்லதா என்பதுதான் தாய்மாரின் கவலை.

மழை விட்ட பிறகு ஓடிக்கொள்ளலாம் என்று இங்கே ஒரு பிள்ளை காத்திருந்தால், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஐயாயிரம் மீற்றர், பத்தாயிரம் மீற்றர் என்று ஓடுவதற்கான பயிற்சி ஒரு வாரத்தில் முடிகிற காரியமல்ல. வாரத்தில் ஐந்தாறு நாட்கள், மாதக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அப்போதுதான் இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை அனுப்பப் பழகும். கால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும். மூச்சு சீராகும். சிறியதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்ற நபிமொழியைப் பாடத்தில் விளக்கும்போது, ஓடுகிற பிள்ளைகளின் முகத்தில் ஒரு புன்னகை வரும். அதை அவர்கள் காலால் அறிந்திருக்கிறார்கள்.

இனி, வாசலுக்கு வந்த கேள்வியைச் சொல்கிறேன்.

அந்தப் பையன் உயர்தர வகுப்பு மாணவன். தகப்பன் கட்டாரில் தொழில் செய்கிறார். தாய் வீட்டில் தையல் மெஷினோடு காலம் தள்ளுகிறார். பையன் ஸுபஹ் தொழுகைக்குப் பள்ளிக்கு வருவான். ஸலாம் கொடுத்து, ஓதவேண்டியதை ஓதிவிட்டு, கலஹா வீதியில் ஓடத் தொடங்குவான். நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து ஒரு நாளும் தவறாமல் ஓடியவனுக்கு, வலய மட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் டெங்கு பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்து வீட்டுக்கு வந்தான். வந்த மறுநாளே தாய் குடையையும் பிடித்துக்கொண்டு அஸருக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஹஸரத், நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். காய்ச்ச உட்டு ரெண்டு நாளும் ஆகல்ல, சப்பாத்தத் தேடுறான். நான் ஒளிச்சு வெச்சிருக்கன்" என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. "போகாட்டி இந்த வருஷம் ஓடினதெல்லாம் வீண்தானே ஹஸரத்?" என்று கேட்டான். அவனுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. பரீட்சை ஆண்டில் ஓடக் கிடைக்குமோ என்னவோ என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அவனுக்கு நான் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அறிவிக்கும் ஒரு செய்தி. ஓர் அடியான் நோயுற்றாலோ பிரயாணத்தில் இருந்தாலோ, அவன் ஆரோக்கியமாக ஊரில் இருந்தபோது வழமையாகச் செய்துவந்த நற்செயல்களின் கூலி அவனுக்கு அப்படியே எழுதப்படுகிறது. பையன் நிமிர்ந்து பார்த்தான். "ஓடாத நாளும் எழுதுவாங்களா?" என்றான்.

இந்த இடத்தில் மார்க்கத்தைப் பேசுகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும். அந்த நபிமொழி நற்செயல்களைப் பற்றியது, பதக்கங்களைப் பற்றியதல்ல. ஆனால் அல்லாஹ் தந்த உடலைப் பேணவேண்டும், தீய சகவாசத்திலிருந்து விலகியிருக்கவேண்டும் என்ற நிய்யத்தோடு ஒருவன் செய்யும் ஆகுமான காரியமும் நன்மையாகிறது என்று நம் உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்த நிய்யத்து உன்னிடம் இருந்திருந்தால் கட்டிலில் கிடக்கிற நாளும் உனக்கு வீணில்லை. பதக்கத்துக்காக மட்டும் ஓடியிருந்தால் அதை நீதான் உன் மனதிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "சப்பாத்து எங்கே என்று உம்மாக்கிட்ட கேக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னான்.

சகோதரிகளே, நோயில் ஓயவேண்டும் என்பதற்கு மார்க்கமும் மருத்துவமும் ஒரே குரலில் பேசுகின்றன. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் உம்மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். ரமழானில் நோயாளிக்கு நோன்பை விடச் சலுகை தந்த அல்லாஹ், அதை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளச் சொல்கிறான். கடமையான நோன்பிலேயே இந்தச் சலுகை என்றால், ஓட்டப் பயிற்சியில் எவ்வளவு இருக்கவேண்டும்!

காய்ச்சல் வந்தால் இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் ஓட்டத்தையும் சுமத்தினால் இரட்டைப் பாரமாகும். சில வைரஸ் கிருமிகள் இதயத் தசையையே தாக்கி வீங்கச் செய்வதுண்டு. அந்த நிலையில் கடுமையாக ஓடியவர்கள் மைதானத்திலேயே விழுந்து மரணித்த சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. ஆகவே பயிற்சியாளர்கள் எளிய விதியொன்றைச் சொல்வார்கள். கழுத்துக்கு மேலே மட்டும் நோய் இருந்தால், அதாவது சாதாரணத் தடிமன், மூக்கு வடிதல், தும்மல் என்றால், மெதுவாகச் சிறிது தூரம் ஓடுவதில் பெரும்பாலும் தீங்கில்லை. கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அதாவது நெஞ்சுச் சளி, இருமல், உடல்வலி, வயிற்றோட்டம் என்றாலோ, எந்தக் காய்ச்சலாக இருந்தாலோ ஓடக்கூடாது. நெஞ்சு வலி, மயக்கம், காரணமில்லாத படபடப்பு என்றால் வைத்தியரைப் பார்க்காமல் சப்பாத்தைத் தொடவே கூடாது.

டெங்கு என்றால் இன்னும் கவனம் தேவை. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அதில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும் நாளல்ல; காய்ச்சல் குறையத் தொடங்கியதும் வரும் ஒன்றிரண்டு நாட்களே. பிள்ளை தேறிவிட்டான் என்று தாய் நிம்மதி அடைகிற அந்த நேரத்தில்தான் கடும் வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், முரசில் இரத்தக் கசிவு போன்ற அறிகுறிகள் வரலாம். வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கையில் அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அளவறிந்து பனடோல் மட்டும்தான். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுப்பது தடிமனுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பையனை வைத்தியரிடம் திரும்பவும் காட்டினோம். இரத்த அளவுகள் சரியான பிறகும் சில வாரங்கள் களைப்பு இருக்கும், அதுவரை கடுமையான பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டி அவனில்லாமலே நடந்தது. அவனோடு பயிற்சி செய்த தோழன் ஓடினான். இவன் அவனுடைய பையையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றான். அப்படி நிற்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை நின்றவர்கள்தான் அறிவார்கள். ஓடுவது மட்டும்தான் ஸப்ர் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஓட ஆசை இருக்க, ஓடாமல் இருப்பதும் ஸப்ர்தான்.

மீண்டும் தொடங்கும்போது நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறொன்று இருக்கிறது. விடுபட்டதையெல்லாம் ஒரே கிழமையில் ஓடித் தீர்க்கப் பார்ப்பார்கள். ரமழானில் விடுபட்ட நோன்புகளை நீங்கள் எப்படிக் களா செய்கிறீர்கள்? அடுத்த ரமழான் வருமுன் வசதிப்படி பிரித்துப் பிரித்து நோற்கிறீர்கள் அல்லவா? அந்த முறைதான் இங்கும். முதல் வாரம் நடை மட்டும். அடுத்து சிறிது நடை, சிறிது ஓட்டம். பிறகு பழைய தூரத்தில் பாதி. மறுநாள் காலையில் எழும்பும்போது வழமையை விடக் களைப்பாக இருந்தால் அன்று ஓய்வு. அவனும் அப்படித்தான் தொடங்கினான். தொடங்கிய நேரம் ஒக்டோபர் மாதம். அதாவது, மழை.

மழை நோயைப் போன்றதல்ல. மழை பெய்தபோது நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைச் சற்று விலக்கி, மேனியில் மழைத்துளி படச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அது தன் இறைவனிடமிருந்து புதிதாக வந்திருக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். மழையில் நனைந்ததும் தடிமன் வந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். தடிமனைக் கொண்டுவருவது கிருமி, மழைத் தண்ணீரல்ல. ஓடிக்கொண்டிருக்கும்வரை உடல் சூடாகத்தான் இருக்கும். ஓடி முடித்த பிறகு ஈரச் சட்டையோடு காற்றில் நின்று கதைத்துக்கொண்டிருப்பதுதான் குளிரை உள்ளே இறக்குகிறது. வந்த உடனே தலையைத் துவட்டி, உலர்ந்த உடுப்பு மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கவேண்டும். ஈரச் சப்பாத்தை அடுப்பின் மேல் தொங்கவிட்டால் அடிப்பகுதி கழன்றுவிடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் மழையிலும் சலுகை உண்டு என்பதை மறக்கக்கூடாது. கடும் மழை நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கில் அறிவிக்கச் சொன்ன மார்க்கம் இது. ஜமாஅத்துக்கே சலுகை இருக்கையில், இடி முழங்கும்போது மைதானத்தில் ஓடுவது வீரமல்ல. இடிச் சத்தம் கேட்டால் உடனே கூரைக்குள் வரவேண்டும். மலைச்சரிவுப் பாதையில் நாட்கணக்காக மழை பெய்திருந்தால், மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறியாமல் பிள்ளையை அனுப்பக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழை கண்டி மாவட்டத்தில் என்ன செய்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் காலில் வெடிப்போ காயமோ இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. அட்டைக்கடிக்கு நம் பெண்களுக்கு நான் வைத்தியம் சொல்லத் தேவையில்லை. சவர்க்காரமும் உப்பும் எங்கள் ஊர் வீடுகளில் வாசலிலேயே இருக்கும்.

ஆக, இடியும் வெள்ளமும் மண்சரிவும் இல்லாத சாதாரண மழையென்றால், ஓடட்டும். அங்கே தடையாக நிற்பது மழையல்ல, போர்வையின் சூடு. அதைப் பையன் தன் காலாலேயே கண்டுகொண்டான். ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை அவனுடைய உம்மா கழுவி உலர்த்திய ஈரத் துணிகளை எண்ணினால் அதுவே ஒரு போட்டிதான்.

அந்த மாதங்களில் அவனுக்கு நான் ஒருவரின் வரலாற்றைச் சொன்னேன். நம் நாட்டவர், ஆனால் நம் நாட்டை விட ஜப்பானில்தான் அவரை அதிகம் பேர் அறிந்திருக்கிறார்கள். ரணதுங்க கருணானந்த என்பது அவர் பெயர். 1964 ஒக்டோபர் 14 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீற்றர் போட்டி நடந்தது. 400 மீற்றர் பாதையில் 25 சுற்றுகள். 67 என்ற இலக்கத்தை அணிந்து இலங்கைக்காக அவர் ஓடினார். போட்டிக்கு முந்திய நாட்களில் அவருக்குத் தடிமனும் சுகவீனமும். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 விநாடியில் வென்றார். வேறு பலர் நடுவிலேயே விலகிவிட்டார்கள். ஓடி முடித்தவர்கள் இளைப்பாறத் தொடங்கிய பிறகும், பாதையில் ஒரேயொருவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தினர் முதலில் கேலியாகப் பார்த்தார்கள். முடித்துவிட்டார் என்று நினைத்தபோது அவர் நிற்காமல் இன்னொரு சுற்றுக்குப் போனார். அதன் பிறகும் போனார். கேலி மெல்ல மெல்ல அடங்கி, கடைசிச் சுற்றில் மைதானமே எழுந்து கைதட்டியது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 34 நிமிடம் 21.2 விநாடி. வீட்டில் தனக்குச் சிறிய மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் வளர்ந்ததும், உன் தந்தை டோக்கியோவில் தோற்றாலும் கடைசிவரை ஓடினார் என்று சொல்லவேண்டும் என்பதே அவர் பின்னர் சொன்ன காரணமாகக் கூறப்படுகிறது. ஜப்பானியர் அந்த ஓட்டத்தைத் தம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் சேர்த்தார்கள். அவர் 1974 ஆம் ஆண்டில், நாற்பது வயதை எட்டுமுன்னரே நீரில் மூழ்கி இறந்துபோனார். 1970 ஆம் ஆண்டில் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் ஐயாயிரம், பத்தாயிரம் மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்ற லூசியன் ரோசாவும் இலங்கையர்தான். ஆனால் பிள்ளைகளிடம் இரண்டு பேரையும் சொன்னால், அவர்கள் அதிகம் கேள்வி கேட்பது கடைசியாக வந்தவரைப் பற்றித்தான்.

கருணானந்த சுகவீனத்தோடு ஓடியதை நான் முன்மாதிரியாகச் சொல்வதில்லை. அவர் பயிற்சி பெற்ற இராணுவ வீரர். தன் உடலின் நிலையைத் தானே எடைபோட்டு இறங்கியவர். வளரும் பிள்ளைக்கு அது பொருந்தாது. நான் சொல்வது வேறொன்றை. அவரைப் பாதையிலிருந்து இறக்கப் பார்த்தது நோயல்ல, ஆயிரக்கணக்கானோரின் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அவர் நிற்கவில்லை. நம் பிள்ளைகள் பல நல்ல காரியங்களை நடுவில் விடுவதும் உடம்புக்கு முடியாமல் அல்ல. யாராவது சிரிப்பார்கள் என்றுதான். குர்ஆன் ஓதத் திக்கும் பிள்ளை ஓதுவதை விடுகிறது. பரீட்சையில் தவறியவன் மறுமுறை எழுதப் போவதில்லை. உடல் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவேண்டும். வெட்கம் நிறுத்தச் சொன்னால் நிறுத்தக்கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதே பெற்றோரின் வேலை, எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வேலை.

அடுத்த வருடம், பரீட்சைப் படிப்போடு படிப்பாக அவன் வலய மட்டத்தில் ஐயாயிரம் மீற்றர் ஓடினான். அன்றும் தூறல். முதலாவதாக வந்தவன் இவனை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டான். இவன் ஆறாவது. பதக்கமில்லை. தாய் துவாயை நீட்டி, "தலையத் தொட மகன்" என்றார். அவ்வளவுதான். மகன் தலையைத் துவட்டிக்கொண்டே, தன் நேரம் எவ்வளவு என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்கப் போய்விட்டான்.

மகனைப் பற்றியே எழுதுகிறீர்களே, மகள்மார் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தியோப்பியாவில் பிறந்து, அகதியாக நெதர்லாந்துக்குப் போன சிபான் ஹஸன் என்ற முஸ்லிம் சகோதரி 2023 ஏப்ரலில் லண்டன் மரதனில் வென்றபோது, அதற்கு முந்திய மாதத்தில் ரமழான் நோன்போடு பயிற்சி செய்திருந்தார். ஓட்டத்தின் நடுவே இடுப்பில் வலி வந்ததும் நின்று, தசையை நீட்டி இளக்கிக்கொண்டு, பிறகு ஓடித்தான் வென்றார். 2024 இல் பரிஸ் ஒலிம்பிக் மரதனிலும் தங்கம் வென்று, பதக்கம் பெற ஹிஜாப் அணிந்து வந்தார். போட்டிகளில் அவர் அணியும் ஆடை பற்றி மார்க்க ரீதியில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் வலித்த இடத்தில் நின்று, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்த அந்தப் பண்பு நம் பிள்ளைகளுக்குத் தேவையானது. எல்லோரும் போட்டிக்குப் போகவேண்டியதில்லை. நம் மகள்மாருக்கு மார்க்கம் அனுமதித்த உடையில், பாதுகாப்பான இடத்தில் நடக்கவும் ஓடவும் வழிசெய்து கொடுப்பது நம் கடமை. அன்னை ஆயிஷா (ரழி) ஓடியிருக்கிறார்கள் என்று பயானில் பெருமையாகச் சொல்லிவிட்டு, வீட்டுப் பெண்களுக்கு ஒரு மைல் நடக்கவும் நேரம் கொடுக்காமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? தாய்மாரே, பிள்ளையின் காய்ச்சலுக்கு ஓடும் நீங்கள், உங்கள் உடலுக்கும் உங்கள்மீது உரிமை இருப்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டம் என்றதும் முஸ்லிமான நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவர் ஒரு தாய். அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் தாகத்தால் துடித்த குழந்தைக்காக ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு முறை ஓடினார்கள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர். ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிற அரசனும் ஆண்டியும் அந்தத் தாயின் காலடியைத்தான் பின்பற்றுகிறார்கள். அவர்கள் ஓடிப்போன ஸபாவில் தண்ணீர் இருக்கவில்லை. மர்வாவிலும் இருக்கவில்லை. குழந்தை கிடந்த இடத்தில் அல்லாஹ் ஸம்ஸமைத் தந்தான். முயற்சி நம்முடையது, அது எங்கே பலனாக ஊற்றெடுக்கும் என்பது அவனுடைய ஏற்பாடு.

நம் பிள்ளைகளுக்கு ஓட வலிமையையும், ஓய வேண்டிய நேரத்தில் ஓயும் அறிவையும், அவர்களைக் காக்கும் தாய்மாருக்குப் பூரண சுகத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.